செயின்ட் ஹெலினா தீவின் பெரிய தரைவண்டு: 1960-களுக்குப் பிறகு யாராவது பார்த்தார்களா?

#1 ஓட்டுச்சிறகு

பழைய இழைகளைத் தேடிப் பார்த்தேன், இந்த வண்டைப் பற்றி ஒன்றும் அகப்படவில்லை. அதனால்தான் புது இழை.

தெற்கு அட்லாண்டிக்கில், ஆப்பிரிக்கக் கரையிலிருந்து சுமார் 1,900 கி.மீ. தள்ளி, 122 சதுர கி.மீ. பரப்பில் கிடக்கிறது செயின்ட் ஹெலினா. நெப்போலியனைக் கொண்டுபோய் அடைத்த தீவு என்றால் சட்டென்று புரியும். அங்கே மட்டுமே இருந்த (இருக்கிற?) ஒரு தரைவண்டு ஆப்லோதோராக்ஸ் பர்ச்செல்லி. மூன்று செ.மீ.க்கு மேல் நீளம், கருநிறம், பறக்காது. வில்லியம் பர்ச்செல் கொண்டுவந்த மாதிரியை வைத்து ஆங்கிலேயப் பூச்சியியலாளர் வாட்டர்ஹவுஸ் 1840-களின் தொடக்கத்தில் பெயர் வைத்தார். 1960-களில் பெல்ஜியத்திலிருந்து போன ஆய்வுக் குழு இதைச் சேகரித்தது. அதற்கப்புறம் உயிருள்ள ஒன்றைக் கண்டதாக நம்பும்படியான பதிவு எதுவும் என் கண்ணில் படவில்லை.

இதே தீவில், வண்டு இருந்த அதே கிழக்குப் பக்கத்து வறண்ட மேடுகளில் வாழ்ந்த பெரிய இடுக்கிப்பூச்சியை (வால்நுனியில் இடுக்கி இருக்குமே, அந்த இனம், இது 8 செ.மீ.க்கு மேல் வளரும்) 2014-ல் அற்றுப்போனது என்று உலக இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியமான ஐயுசிஎன் அறிவித்துவிட்டது. வண்டின் கதையும் அவ்வளவுதானா? போனது என்றால் எதனால் போனது? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.


#2 கரும்பாறை

இதில் விவாதிக்க என்ன இருக்கிறது? விமான நிலையம். அந்த வண்டு வாழ்ந்த ப்ராஸ்பரஸ் பே சமவெளியின் மேலேயே ஓடுபாதை போட்டிருக்கிறார்கள். பக்கத்திலிருந்த பள்ளத்தாக்கைத் தூர்க்க மட்டும் ஏறக்குறைய 80 லட்சம் கன மீட்டர் பாறையும் மண்ணும். மொத்தச் செலவு 28.5 கோடி பவுண்டு. கட்டி முடித்த பிறகு காற்று சரியில்லை என்று விமானம் இறங்கவே தயங்கினார்கள். நாலாயிரத்துச் சொச்சம் பேர் வாழும் தீவுக்கு இது தேவையா என்பது இருக்கட்டும், ஒரு வண்டு போனது போனதுதான்.


#3 ஆறுகால்

கரும்பாறை, கோபம் இருக்கட்டும், தேதியைக் கொஞ்சம் பாருங்கள். விமான நிலைய வேலை தொடங்கியது 2012-ல். பயணிகள் சேவை தொடங்கியது 2017 அக்டோபரில். வண்டு கண்ணில் படாமல் போய் அதற்குள் நாற்பது ஐம்பது வருஷம் ஆகிவிட்டது.

விமான நிலையத்தால் அந்தச் சமவெளிக்குக் கேடில்லை என்று சொல்ல வரவில்லை. வேறெங்கும் இல்லாத சிற்றுயிர்கள் அங்கே குவிந்து கிடக்கின்றன. மண்ணில் வளை தோண்டி வாழும் ஒரு சிலந்தி அங்கே மட்டும்தான் உண்டு. திட்டம் பேச்சில் இருந்த காலத்திலேயே பிலிப் ஆஷ்மோல், மர்ட்டில் ஆஷ்மோல் இருவரும் அந்த ஒரு சமவெளியின் முதுகெலும்பற்ற உயிர்களை மட்டும் ஆராய்ந்து 2004-ல் தனி அறிக்கை கொடுத்தார்கள். அந்த உயிர்களுக்காக விமான நிலையத்தோடு சண்டை போடுங்கள், நானும் வருகிறேன். ஆனால் இந்த வண்டின் சாவை அதன் தலையில் கட்ட முடியாது.


#4 பழையஏடு

குற்றவாளியைத் தேட ஐந்நூறு வருஷம் பின்னால் போக வேண்டும். ஆடு.

போர்ச்சுகீசியர் தீவைக் கண்டது 1502-ல். மனிதக் குடியிருப்பே இல்லாத காடு. கப்பல்காரர்களுக்கு இறைச்சி வேண்டுமென்று ஆட்டை இறக்கிவிட்டார்கள். (டார்வின் 1502 என்கிறார், அவர் காலத்து இன்னொரு இயற்கையாளர் வாலஸ் 1513 என்கிறார். பத்து வருஷ வித்தியாசத்தில் ஆட்டின் பசி குறையப்போவதில்லை.) 1588-ல் ஆங்கிலேய மாலுமி கேவண்டிஷ் வந்தபோது மந்தை ஆயிரக்கணக்கில் பெருகியிருந்தது. முளைக்கும் கன்றையெல்லாம் ஆடு மேய்ந்துவிடும், பெரிய மரம் வயதாகிச் சாயும், அதன் இடத்தில் எழும்ப ஒன்றும் இருக்காது. காடு வெட்டுப்பட்டது பாதி, இப்படிக் கிழடாகிச் செத்தது மீதி.

டார்வின் 1836 ஜூலையில் ஆறேழு நாள் அங்கே தங்கினார். லாங்வுட், டெட்வுட் மேடுகளைப் பற்றி அவர் எழுதியிருப்பதைப் படித்துப் பாருங்கள். 1716-ல் மரங்கள் நிறைய இருந்தன, பெருங்காடு என்றே அந்த இடத்துக்குப் பெயர். 1724-ல் முதிர்ந்த மரங்கள் பெரும்பாலும் விழுந்துவிட்டன. திரியும் கால்நடைகளை ஒழிக்க உத்தரவு வந்தது 1731-ல், எல்லாம் முடிந்த பிறகு. மண்ணுக்குள் அற்றுப்போன நத்தைகளின் ஓடுகளைப் பார்த்துவிட்டு, காடு போனதோடு இவையும் போயிருக்க வேண்டும் என்று அவர் அப்போதே ஊகித்தார்.

வாலஸ் தரும் தகவல் இன்னும் வேடிக்கை. கருங்காலி அழிகிறது, வறட்சியும் வருகிறது, ஆட்டைக் கொல்ல அனுமதி கொடுங்கள் என்று ஆளுநர் கிழக்கிந்தியக் கம்பெனிக்கு எழுதினாராம். கருங்காலியைவிட ஆடுதான் மதிப்புள்ளது, கொல்லக் கூடாது என்று பதில் வந்ததாம். 1810-ல் இன்னொரு ஆளுநர் கணக்கு எழுதுகிறார்: அரசு உபயோகத்துக்கு விறகும் கரியும் வெளியிலிருந்து வாங்கிய வகையில் ஒரே வருஷத்தில் 2,729 பவுண்டு 7 ஷில்லிங் 8 பென்ஸ். காட்டைத் தின்ற ஆட்டுக்கு இவ்வளவு துல்லியமாக யாரும் ரசீது போட்டதில்லை.


#5 நடுக்கடல்

நல்ல கதை பழையஏடு, ஆனால் ஒரு இடத்தில் இடிக்கிறது. ஆடு வந்து நாலரை நூற்றாண்டு கழித்து, 1960-களிலும் வண்டு இருந்திருக்கிறது. பெருங்காடு விழுந்து இருநூறு வருஷத்துக்கு மேலாகியும் தாக்குப் பிடித்த பூச்சியை ஆடு கொன்றது என்பதெப்படி? விமான நிலையத்துக்கு ஒரு நீதி, ஆட்டுக்கு ஒரு நீதியா?


#6 கரும்பாறை

அதைத்தான் நானும் கேட்க வந்தேன்.


#7 ஆறுகால்

நடுக்கடல் கேட்டது சரியான கேள்வி.

முதலில் வண்டைப் பார்ப்போம். கம்பளிப்புழு வேட்டைக்காரர்கள் என்று பேர்பெற்ற காலோசோமா வண்டுகளின் நெருங்கிய சொந்தம் இது. காலோசோமாக்கள் பெரும் தின்னிகள். காட்டை மொட்டையடிக்கும் அந்துப்பூச்சியின் புழுக்களை ஒடுக்குவதற்காக 1905 வாக்கில் ஐரோப்பாவிலிருந்து அமெரிக்காவின் மாசசூசெட்ஸுக்கு ஓர் இனத்தைக் கொண்டுபோய் விட்டார்கள். சொந்தக்காரர்களின் குணத்தை வைத்துப் பார்த்தால் ஆப்லோதோராக்ஸும் தரையோடு ஓடி மெல்லுடல் பூச்சிகளையும் புழுக்களையும் பிடித்திருக்கும் என்று எண்ண இடமுண்டு. அப்படிப்பட்ட பூச்சிக்கு மரமே வேண்டுமென்பதில்லை. இரை வேண்டும், பகலில் ஒதுங்கக் கல்லும் மண்வெடிப்பும் வேண்டும். காடு போனதும் இரை குறைந்து, வண்டின் தொகையும் குறைந்து, கிழக்கு மேடுகளில் ஓரிரு இடங்களில் ஒடுங்கியிருக்கும். ஆடு செய்தது அவ்வளவு: கொல்லவில்லை, மூலைக்குத் தள்ளியது.

அந்த மூலையில் வந்து சேர்ந்தவை மூன்று. ஒன்று எலி, சுண்டெலி. இரண்டு, வெளியிலிருந்து வந்த ஸ்கோலோபென்ட்ரா மோர்சிடான்ஸ் என்ற பெரிய பூரான். மூன்று மனிதர்கள், கட்டடத்துக்குக் கல் பொறுக்கியவர்கள். இடுக்கிப்பூச்சி அழிந்ததற்குச் சொல்லப்படும் காரணங்கள் இவையேதான். வண்டுக்கும் அதே மேடு, அதே கல், அதே இரவு நேரப் புழக்கம். கல்லடியில் முன்பு வண்டு இருந்த இடத்தில் இப்போது பூரான் படுத்திருக்கிறது.

தொகை பெரிதாக இருந்திருந்தால் எலியையும் பூரானையும் ஓரளவு சமாளித்திருக்கும். ஒடுங்கிப்போன கூட்டத்துக்கு அது முடியாது. ஆடு கொன்றதா, இவை கொன்றனவா என்று கேட்பதைவிட எது எதற்குப் பிறகு வந்தது என்று பார்ப்பதுதான் பயன்.


#8 ஓட்டுச்சிறகு

ஆறுகால், ஒரு சந்தேகம். காலோசோமாக்கள் நன்றாகப் பறக்கக்கூடியவை அல்லவா? நடுக்கடல் தீவுக்கு ஒன்று வந்து சேர்ந்ததே பறந்துதான் இருக்க வேண்டும். அப்புறம் எப்படிச் சிறகு போனது?


#9 ஆறுகால்

எனக்கு மிகவும் பிடித்த பகுதியைத் தொட்டுவிட்டீர்கள், கொஞ்சம் நீளும்.

பீகிள் கப்பல் தென் அமெரிக்கக் கரையோரம் போகையில் பட்டாம்பூச்சிக் கூட்டம் ஒன்று கடலின் மேல் வந்ததை டார்வின் விவரிக்கிறார். அதோடு அழகான காலோசோமா வண்டு ஒன்றும் பறந்து வந்து கப்பலில் இறங்கியதாம். தரைவண்டுக் குடும்பத்தில் பெரும்பாலானவை சிறகையே எடுப்பதில்லை, இது மட்டும் கரையை விட்டு வெகு தொலைவிலும் பிடிபட்டிருக்கிறது என்று வியக்கிறார். ஆக 1,900 கி.மீ. கடலைத் தாண்டக்கூடிய தரைவண்டு எதுவென்று கேட்டால் முதல் பெயர் இந்த வம்சம்தான். செயின்ட் ஹெலினா சுமார் 1.4 கோடி வருஷப் பழமையான எரிமலைத் தீவு. அத்தனை காலத்தில் ஒரு கூட்டமோ, முட்டை சுமந்த ஒற்றைப் பெண் வண்டோ காற்றில் வந்து விழுந்தால் போதும்.

வந்த பிறகு சிறகு வேண்டாததாகிறது. இதைப் புத்தகத்தில் படிப்பதைவிடப் பறக்காத ஒரு தரைவண்டைக் கண்ணாடி வைத்துப் பார்த்தால் தெளிவாகத் தெரியும். பறக்கும் காலோசோமாவுக்கு மேலுறைகளின் (சிறகை மூடியிருக்கும் கெட்டி ஓடுகள்) தோள் அகலமாக, சதுரமாக இருக்கும், அடியில் மடித்த சிறகுக்கு இடம் வேண்டுமே. பறக்காதவற்றில் தோள் சரிந்து முதுகு முட்டை வடிவமாகிவிடும். பல இனங்களில் இரண்டு மேலுறைகளும் நடுக்கோட்டில் ஒட்டியே போயிருக்கும். ஊசி முனையால் நெம்பினால் பிரியாது, உடையும். அடியில் சிறகு இருந்த இடத்தில் ஒரு சிறு துணுக்கு மட்டும் மிஞ்சும்.

ஏன் என்பதற்கு டார்வின் ஒரு விளக்கம் வைத்திருந்தார். மடெய்ராத் தீவின் வண்டுகளை ஆராய்ந்த வொலாஸ்டன் என்பவர் 550 இனங்களில் 200 இனங்கள் பறக்க முடியாதவை என்று கண்டிருந்தார். பறப்பவற்றைக் காற்று கடலில் தள்ளிவிடும், பறக்கச் சோம்பும் வண்டு தப்பிக்கும், தலைமுறை தலைமுறையாக இதுவே நடக்கும் என்றார் டார்வின். சுவையான விஷயம், வொலாஸ்டன் டார்வினின் கொள்கையை ஏற்கவே இல்லை. ஒருவர் சேர்த்த கணக்கு, இன்னொருவர் எழுப்பிய வாதம். அதே வொலாஸ்டன்தான் 1875-76-ல் செயின்ட் ஹெலினாவுக்குப் போய் ஆறு மாதம் வண்டு பிடித்து 1877-ல் தீவின் வண்டுகளுக்கென்றே நூல் போட்டார்.


#10 நடுக்கடல்

காற்று கடலில் தள்ளும் என்பது எனக்கு எப்போதுமே கொஞ்சம் குழந்தைத்தனமாகப் படும். காற்றடிக்கிறது என்றால் பூச்சி பறக்காமல் உட்கார்ந்திருக்கும், அவ்வளவுதானே?


#11 ஆறுகால்

அதையே கேட்ட ஆய்வு ஒன்று 2020-ல் வந்தது. அண்டார்க்டிகாவைச் சுற்றிய தென்பெருங்கடல் தீவுகளின் பூச்சிகளை எடுத்துக்கொண்டு, காற்று உட்படப் பல காரணங்களைப் பொருத்திப் பார்த்தார்கள். உலக அளவில் பறக்காத பூச்சி இனங்கள் 5 சதவீதம் போல என்றால், அந்தத் தீவுகளின் பூர்வீக இனங்களில் ஏறக்குறைய பாதி பறக்காதவை. காற்றின் பங்குதான் பெரிது என்று வந்தது. ஆனால் கடலில் தள்ளுவது மட்டும் கதையில்லை. பலத்த காற்றில் பறக்க நிறைய ஆற்றல் செலவாகும். அந்தச் செலவை மிச்சம் பிடித்து முட்டைக்குப் போடும் பூச்சிக்குச் சந்ததி பெருகும். நீங்கள் சொல்கிற 'உட்கார்ந்திருக்கும் பூச்சி'தான் ஜெயிக்கிறது, பறக்கும் தசையையே வளர்க்காமல்.

செயின்ட் ஹெலினா அவ்வளவு குளிர்ந்த பிரதேசம் இல்லை, ஆனால் வருஷம் முழுக்கத் தென்கிழக்கு வாணிபக் காற்று ஓயாமல் அடிக்கும். வண்டு இருந்த கிழக்கு மேடு அந்தக் காற்றுக்கு நேர் முகம்.


#12 தேடல்

படிக்கப் படிக்க எனக்கு நம்பிக்கைதான் கூடுகிறது. ஆஸ்திரேலியாவின் லார்ட் ஹாவ் தீவின் பெரிய குச்சிப்பூச்சியை மறந்துவிட்டீர்களா? 1918-ல் மகாம்போ கப்பல் தரைதட்டியது, எலி இறங்கியது, சில வருஷத்தில் பூச்சி அவுட். எண்பது வருஷம் கழித்து 2001-ல் பக்கத்திலிருக்கும் பால்ஸ் பிரமிட் பாறையில் ஒரே புதர்க்கூட்டத்தின் அடியில் உயிரோடு கண்டார்கள். செயின்ட் ஹெலினாவிலேயே குட்டைக் கருங்காலி மரம் நூறு வருஷத்துக்கு மேல் இல்லை இல்லை என்று சொல்லி, 1980-ல் செங்குத்துப் பாறையில் இரண்டு செடி கிடைத்தது. இன்று அதை நட்டு வளர்க்கிறார்கள். இடுக்கிப்பூச்சியையே எடுத்துக்கொள்ளுங்கள், 1798-ல் டேனிஷ் பூச்சியியலாளர் ஃபாப்ரீஷியஸ் பெயர் வைத்தார், அப்புறம் எல்லோரும் மறந்தார்கள். 1962-ல் பறவை ஆய்வாளர்கள் இருவர் காய்ந்த இடுக்கிகளைக் கண்டெடுத்த பிறகுதான் திரும்பவும் தேடவே தொடங்கினார்கள்.

கொஞ்சம் தேடினால் வண்டும் கிடைக்கும்.


#13 நடுக்கடல்

"கொஞ்சம் தேடினால்" என்று எழுதுவது எளிது. ஒரு பூச்சிக்காக அவ்வளவு தூரம் போய் இரவெல்லாம் டார்ச் அடிப்பது யார்? தின்னவும் ஆகாது, மருந்துக்கும் ஆகாது. உலகத்தில் தரைவண்டு இனம் மட்டும் ஏறக்குறைய நாற்பதாயிரம் இருக்கிறது. ஒன்று குறைந்தால் என்ன?


#14 கரும்பாறை

இதைச் சொல்லத்தான் இத்தனை பதிவு போட்டீர்களா? கிழக்கிந்தியக் கம்பெனி எழுதிய பதிலுக்கும் இதற்கும் என்ன வித்தியாசம், ஆட்டுக்குப் பதில் டார்ச் என்பதைத் தவிர?


#15 நெறியாளர்

தனிப்பட்ட சீண்டல் வேண்டாம். 'பூச்சியால் என்ன பயன்' என்பதற்குப் பொதுப் பகுதியில் ஏற்கெனவே இழை இருக்கிறது, அங்கே போங்கள். இங்கே இந்த வண்டைப் பற்றி மட்டும்.


#16 பழையஏடு

ஒரே ஒரு கணக்கு, நெறியாளர் பொறுத்துக்கொள்ள வேண்டும். வொலாஸ்டன் அன்றைய நிலவரப்படி எழுதியது: தீவில் மொத்தம் 203 வண்டினங்கள். அவற்றில் 74 மனிதரால் வந்தவை. மீதி 129 தீவின் சொந்த இனங்கள், அவற்றில் ஒன்றே ஒன்று தவிர வேறெங்கும் கிடையாது. நாற்பதாயிரத்தில் ஒன்று என்று பார்க்காதீர்கள் நடுக்கடல். அந்த 128-ல் கூன்வண்டுகள்தான் அதிகம், தரையில் ஓடி வேட்டையாடும் பெரிய வண்டு என்றால் இதுதான்.


#17 ஆறுகால்

தேடல், உங்கள் உற்சாகத்துக்குத் தடை போட மனமில்லை. ஆனால் லார்ட் ஹாவ் கதையில் பால்ஸ் பிரமிட் இருந்தது. அது தனிப் பாறை, எலி ஏறவே இல்லை. கருங்காலி மிஞ்சியது ஆட்டின் வாய் எட்டாத பாறை முகப்பில். இரண்டிலும் எதிரி நுழையாத இடம் ஒன்று இருந்தது. சமதரை மேட்டில் ஓடும் பறக்காத வண்டுக்கு அப்படி இடம் எது? சுண்டெலியும் பூரானும் போகாத மூலை அந்த மேட்டில் இருந்தால் அங்கே தேடலாம்.

தேடாமலும் இல்லை. 1988-ல் லண்டன் விலங்குக் காட்சிச்சாலையிலிருந்து இடுக்கிப்பூச்சிக்கென்றே ஒரு குழு போனது, வெறுங்கையோடு திரும்பியது. ஆஷ்மோல்களின் ஆய்வு இருக்கிறது. 2013 முதல் தீவின் தேசிய அறக்கட்டளையும் பிரிட்டனின் பூச்சிப் பாதுகாப்பு அமைப்பான பக்லைஃபும் சேர்ந்து தீவுவாசிகளைப் பழக்கிச் சிற்றுயிர்க் கணக்கெடுப்பு நடத்தின. பெரிய வண்டு கிடைத்ததாக ஒருவரும் சொல்லவில்லை.

ஐயுசிஎன் விதிப்படி, கடைசி உயிர் செத்துவிட்டது என்பதில் நியாயமான ஐயம் இல்லாதபோதுதான் அற்றுப்போனது என்று எழுதலாம். அதற்குச் சரியான இடத்தில், சரியான பருவத்தில், சரியான நேரத்தில் தேடியிருக்க வேண்டும். வறண்ட மேட்டுப் பூச்சி மழை பெய்த பின் சில வாரம் மட்டும் மேலே நடமாடும் வகையாக இருந்தால், காய்ந்த மாதத்தில் போய் ஆயிரம் கல் புரட்டினாலும் அது தேடலில் சேராது. என் சொந்தக் கருத்து, வண்டு போய்விட்டது. ஆனால் கோப்பை மூட நான் கையெழுத்துப் போட மாட்டேன்.


#18 ஓட்டுச்சிறகு

நடைமுறையில் எப்படித் தேடுவார்கள்? கல் புரட்டுவது மட்டும்தானா?


#19 ஆறுகால்

தரைவண்டுக்குக் குழிப்பொறிதான் முதல் கருவி. ஒரு கோப்பையின் விளிம்பு தரைமட்டத்தோடு சரியாக வரும்படி புதைப்பார்கள். ஒரு மயிரிழை மேலே நின்றாலும் வண்டு சுற்றிக்கொண்டு போய்விடும். வழக்கமான ஆய்வில் கோப்பைக்குள் பூச்சியைக் கொன்று கெடாமல் வைக்கும் திரவம் ஊற்றுவார்கள். பத்திருபதுதான் மிஞ்சியிருக்கலாம் என்று நினைக்கும் இனத்துக்கு அதைச் செய்யக் கூடாது. உலர்ந்த கோப்பை, உள்ளே ஒதுங்கக் கொஞ்சம் சருகு, மேலே மழையும் வெயிலும் படாமல் கல் மூடி, விடிந்ததும் முதல் வேலையாகப் போய்ப் பார்க்க வேண்டும். அந்தத் தீவில் இன்னொரு தலைவலி, உள்ளே விழுந்த வண்டைப் பூரான் தின்றுவிடும்.

இதைவிட மலிவான வழி செத்த உடல் தேடுவது. வண்டின் ஓடு கைட்டின் என்ற கெட்டிப் பொருள், காய்ந்த மண்ணில் வெகுகாலம் கிடக்கும். கல்லடியிலும் மண்வெடிப்பிலும் கிடப்பதைச் சல்லடையில் சலித்தால் மேலுறைத் துண்டு, தலை, தாடை எல்லாம் வரும். இடுக்கிப்பூச்சியின் துண்டுகள் இப்படித்தான் பின்னாளிலும் கிடைத்தன. பழைய துண்டுக்கும் புதியதற்கும் வித்தியாசம் பார்க்கப் பழகிய கண் வேண்டும். புதியதில் மூட்டுகள் இன்னும் பிடித்துக்கொண்டிருக்கும், உள்பக்கம் தசைநார் ஒட்டியிருக்கும். அப்படி ஒன்று கிடைத்தால் உடனே உலர் கோப்பைகளோடு அந்த இடத்துக்கு ஓட வேண்டியதுதான்.


#20 கரும்பாறை

சரி, 1960-களில் நடந்ததை நான் ஓடுபாதையின் தலையில் கட்டவில்லை. ஆனால் நீங்களே சொல்கிறீர்கள், தேட வேண்டியது காய்ந்த மண்ணும் கல்லடியும் என்று. அந்த மண்ணில் எவ்வளவைத் தோண்டி எடுத்து பள்ளத்தில் கொட்டினார்கள்? அதோடு எத்தனை மேலுறைத் துண்டு போனது? இதற்கு என்ன சொல்கிறீர்கள்?


#21 ஆறுகால்

அதற்குப் பதில் இல்லை, நீங்கள் சொல்வது நியாயம். ஓடுபாதைக்கு வெளியே சமவெளியில் மிச்சமிருப்பது ஒரு பக்கம். வடக்கே ஹார்ஸ் பாயின்ட் இன்னொரு பக்கம். அங்கே பெருங்காடு நின்ற நிலத்தில் 2000 முதல் தீவின் சொந்த மரமான கம்வுட்டின் கன்றுகளை நட்டு வருகிறார்கள். காட்டுக்கு நல்லது. ஆனால் வெட்டவெளிப் பூச்சிகளுக்காகக் கொஞ்சம் கல்தரையைக் கைபடாமல் விட்டுவைக்க வேண்டும் என்பது என் கட்சி. எல்லா வெற்றிடத்திலும் மரம் நடுவதுதான் இயற்கைப் பாதுகாப்பு என்று நினைப்பவர்களோடு எனக்கு ஓயாத வழக்கு, அது வேறு இழை.


#22 தேடல்

யாராவது ஒருவர் நவம்பரிலோ மார்ச்சிலோ மழை பெய்த மறுவாரம் அந்தத் தீவுக்குப் போகிறவராக இருந்தால் இங்கே சொல்லுங்கள். அனுமதி வாங்காமல் எதையும் பொறுக்க வேண்டாம், அளவுகோல் வைத்துப் படம் மட்டும் எடுத்துப் போடுங்கள்.

பி.கு.: இந்த பர்ச்செல்தான் வரிக்குதிரைக்கும் பெயர் கொடுத்தவரா?


#23 பழையஏடு

அவரேதான். 1805 முதல் 1810 வரை செயின்ட் ஹெலினாவில் பள்ளி ஆசிரியராகவும் கம்பெனியின் தாவரவியலாளராகவும் இருந்தார். அங்கிருந்து கேப் காலனி போய்த் தென்னாப்பிரிக்காவின் உள்நாட்டைச் சுற்றினார், வரிக்குதிரை அந்தப் பயணத்தோடு சேர்ந்தது. அப்புறம் பிரேசில் வேறு போனார். வண்டு தீவிலேயே கையில் கிடைத்துவிட்டது.